வாய் தைத்த பந்தல்

போன வருஷம் ஆனியிலிருந்து முத்துராஜை ஊரில் ராக்கெட் என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. பால் வாங்கப் போன இடத்தில், மாவு மில்லில், ரேஷன் கடை வரிசையில் அவர் மனைவி தங்கபுஷ்பத்தின் காதில்தான் விழுந்தது. ராக்கெட் சம்சாரம் நிக்கா, மாவு ஆயிட்டான்னு பாரு.

சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் ஏர்கூலர் வைக்கவேண்டும் என்று பந்தலைச் சுற்றி அடைக்கச் சொன்னார்கள். கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிற மாதம். முத்துராஜ் முதலில் முடியாது என்றார். பிறகு சரி என்றார். பந்தி நடக்கும்போது காற்று வந்தது. பந்தல் உப்பி நின்றது. புழுக்கம் தாங்காமல் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் மேற்குப் படுதாவை அவிழ்த்துவிட்டார். உள்ளே நுழைந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. பந்தல் கம்புகளோடு எழுந்தது. கயிற்றைப் பிடித்துத் தொங்கிய ஆட்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். முத்துராஜ் விடவில்லை. உள்ளே அந்தப் பந்தியில் இருந்தது அவ்வளவும் சிறு பிள்ளைகள்.

தென்னை மரத்துக்கு மேலே போனார் என்று ஊரில் பேசினார்கள். அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் விழுந்தது களத்துக் கல்லில். தொடையில் கம்பி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பந்தல் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டின் பின்புறம் சவுக்குக் கம்புகள் மழையில் கறுத்துக் கிடந்தன. பந்தல் துணி தைக்கிற தையல் மிஷினில் தங்கபுஷ்பம் தலையணை உறை தைத்தாள். கோணிப்பை கிழிசல் தைத்தாள். முத்துராஜ் வாசலில் நாற்காலி போட்டு மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையைப் பார்க்கிறாரா காற்றைப் பார்க்கிறாரா என்று அவள் கேட்டதில்லை.

மகள் மஞ்சு பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். வகுப்பில் அவளுக்கும் பெயர் வந்துவிட்டது. ராக்கெட் மவ. வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொல்லவில்லை. அவளுடன் படிக்கிற ரிஃபாத்தான் சொன்னாள். ரிஃபாத்தின் அப்பா ஹபீபுல்லா மைக்செட் வைத்திருந்தார். முத்துராஜ் பந்தல் போடுகிற வீட்டில் அவர் மைக் கட்டுவார். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

குற்றாலத்தில் சீசன் கண்காட்சிக்குப் பள்ளிகளைக் கூப்பிட்டார்கள். மஞ்சுவின் பள்ளிக்கு விண்வெளிப் பயணம் என்ற தலைப்பு வந்தது. மற்ற பிள்ளைகள் சார்ட்டும் தெர்மாகோலும் போதும் என்றார்கள். மஞ்சு ஒரு படம் வரைந்து அறிவியல் டீச்சர் உமா மகேஸ்வரியிடம் கொடுத்தாள். டீச்சர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதை யார் கட்டுவது என்று கேட்டார். எங்க அப்பா என்றாள் மஞ்சு.

அன்று சாயங்காலம் அவள் அந்தப் படத்தை முத்துராஜின் மடியில் வைத்தாள்.

"எப்பா, ஆகாயத்தைப் பாக்க வாறவன் வெளிய நின்னு பாக்கக் கூடாது. உள்ள போகணும்."

"உள்ள போனா?"

"இருட்டு. கும்மிருட்டு. பொறவு நட்சத்திரம்."

"பகல்லயா?"

"பகல்லதான். கறுப்புப் படுதால ஊசி வச்சுக் குத்தணும். வெளிய வெளிச்சம், உள்ள நட்சத்திரம். கரண்ட்டே வேண்டாம்."

முத்துராஜ் சிரித்தார். கால் முறிந்த பிறகு அவர் சிரித்துத் தங்கபுஷ்பம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த உளுந்தை முறத்தில் போட்டுவிட்டு வந்து நின்றாள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னால் ஒரு ராக்கெட். அதன் அடியில் குனிந்து நுழைந்தால் வளைந்த இருட்டுப் பாதை. பாதை முடிகிற இடத்தில் கவிழ்த்த பானை மாதிரி ஒரு கறுப்புக் கூடாரம். தரையில் நிலா மண். நடுவில் நிலாவில் இறங்குகிற வண்டி.

"வாய் வைக்கணும்" என்றார் முத்துராஜ்.

வாய் என்றால் காற்று போகப் படுதாவில் வெட்டிவிடுகிற அரைவட்டம். மேல் பக்கம் துணியோடு ஒட்டியிருக்கும், கீழ்ப் பக்கம் தொங்கும். காற்று வந்தால் தூக்கிக்கொண்டு வழி விடும்.

"மேக்க ரெண்டு, கிழக்க ரெண்டு" என்றார்.

"வாய் வச்சா வெளிச்சம் வரும்பா."

"வரட்டும்."

"வெளிச்சம் வந்தா நட்சத்திரம் தெரியாது."

"இது ஆடி மாசம். வாய் வச்சா கம்பு எடுப்பேன். இல்லன்னா சார்ட்டுல எழுதி ஒட்டிக்கோ."

மஞ்சு சரி என்றாள். அந்தச் சரி எப்படிப்பட்ட சரி என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். முத்துராஜ் பெண் வீட்டாரிடம் சொன்ன சரியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

படுதாவையும் இருட்டுப் பாதைக்கான துணியையும் தங்கபுஷ்பம் ஒரு வாரம் தைத்தாள். ரப்பர் பூசிய கறுப்புத் துணி. மிஷின் ஊசி இரண்டு தடவை ஒடிந்தது. தைத்து முடித்ததும் வீட்டு நடுவில் விரித்தார்கள். நடக்க இடமில்லாமல் அடுப்படி வரை கிடந்தது. மஞ்சு சாக்பீஸால் புள்ளி வைத்தாள். ரிஃபாத் வரைபடத்தைப் பார்த்து எங்கே பெரியது, எங்கே சிறியது என்று சொன்னாள். தங்கபுஷ்பம் பெரிய நட்சத்திரத்தைக் கோணி ஊசியாலும் சிறியதைக் கை ஊசியாலும் குத்தினாள். விரல் நுனி மரத்துப்போனது. கருப்பட்டிக் காப்பி குடிக்க எழுந்தால் முதுகு நிமிரவில்லை.

கிழக்கு வாய்க்குப் பக்கத்தில் சாக்பீஸ் புள்ளி இல்லாத இடத்தில் அவள் கோணி ஊசியை இறக்கிவிட்டாள்.

"அத்தை, அங்கன குத்தாதிய. அங்கன ஒண்ணும் கிடையாது, வெறும் ஆகாசம்" என்றாள் ரிஃபாத்.

"குத்திட்டேன்லா."

"இல்லாத நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சிட்டியளே. டெல்லிக்கு எழுதிப் போடணும்."

"ஒண்ணு கூட இருந்துட்டுப் போட்டும்ட்டி. அங்கன என்ன எடமா இல்ல?"

மஞ்சுவும் சிரித்தாள். ஒட்டுப் போட வேண்டாம், அது அம்மா நட்சத்திரம், இருக்கட்டும் என்றாள்.

கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் கம்பு நட்டார்கள். குற்றாலத்தில் சாரல் விடாமல் பெய்தது. மலை பாதிக்கு மேலே மேகத்தில் இருந்தது. குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துண்டோடு மங்குஸ்தான் கடைகளில் நின்றார்கள். மைதானத்தில் வரிசையாகக் கடைகளும் கூடாரங்களும் எழுந்துகொண்டிருந்தன. ஹபீபுல்லாவும் இரண்டு கூலியாட்களும் வேலை செய்ய, முத்துராஜ் நாற்காலியில் உட்கார்ந்து கம்பால் காட்டினார். இரண்டு நெடுங்கம்புகளைக் கத்தரிபோலச் சாய்த்துக் கட்டி, உச்சியில் கப்பி மாட்டி, படுதாவை மேலே இழுத்தார்கள். கப்பிக் கயிற்றை இழுத்தால் படுதா ஏறும், விட்டால் இறங்கும். சுற்றிலும் குட்டைக் கம்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு தரையில் அடித்த இரும்பு முளைக்குப் போனது.

மண்ணுக்கு அடியில் பாறை கிடந்தது. முளை ஒரு முழம்கூட இறங்கவில்லை. முத்துராஜ் மண் மூட்டை போடச் சொன்னார். மேற்குப் பக்கம் இன்னும் இரண்டு மூட்டை போடச் சொன்னார்.

"மாப்ள, கோட்டையா கட்டுதோம்" என்றார் ஹபீபுல்லா. "இதுல நெசம் ராக்கெட்டைக் கட்டிப் போட்டாலும் போவாதுவே."

முத்துராஜ் தொடையைத் தடவினார். கால் வீங்கிவிட்டது. ஹபீபுல்லா அவரை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனார். போகும்போது முத்துராஜ் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னார். போற வாய் முந்தி, வார வாய் பிந்தி. காற்று வெளியே போகிற கிழக்கு வாய் முதலில் திறந்திருக்க வேண்டும். அது அடைத்திருக்கும்போது மேற்கைத் திறந்தால் சுந்தரபாண்டியபுரம்தான்.

அவர் போன பிறகு பிள்ளைகள் முன்னால் அட்டை ராக்கெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வேலையை முடித்தார்கள். நிலா மண்ணுக்கு அரிசி மில்லிலிருந்து உமிச்சாம்பல் கொண்டுவந்திருந்தார்கள். பள்ளமும் மேடுமாகப் பரப்பி நடுவில் வண்டியை வைத்தார்கள். பிறகு எல்லோரும் உள்ளே நின்று பார்த்தார்கள்.

மேற்கு வாய் இரண்டும் தூக்கித் தூக்கி விழுந்தன. ஒவ்வொரு தடவையும் வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்து எல்லோருடைய முகத்திலும் விழுந்தது. நட்சத்திரங்கள் இருந்தன. தேடினால் தெரிந்தன. துணியில் குத்திய ஓட்டைகளாகத் தெரிந்தன. சாம்பல் சுருண்டு எழுந்து வண்டியின் மேல் படிந்தது. ஒரு பிள்ளை தும்மினாள்.

மஞ்சு வெளியே போனாள். தங்கபுஷ்பம் பின்னால் போனாள். ராக்கெட்டுக்குப் பின்புறம் மகள் சாரலில் நனைந்துகொண்டு நின்றாள்.

"தச்சுக் குடும்மா" என்றாள்.

"அப்பா கொன்னுபோடுவாவ."

"நாளைக்கு ஒரு நாளுதான். நடுவருங்க பாத்துட்டுப் போனதும் பிரிச்சிரலாம்."

"ஏட்டி, போன வருசம் பாத்தேல்லா?"

"பாத்தேன். அது கல்யாணப் பந்தல், இவ்வளவு பெருசு. இது நம்ம வீட்டளவு. மூட்டை போட்டிருக்கு. எல்லாத்தையும் நான் கணக்குப் போட்டுத்தாம்மா சொல்லுதேன்." குரல் இறங்கியது. "நாளைக்கு ஊரே வரும். உள்ள வந்து பாத்துட்டு என்ன சொல்லுவாவ? ராக்கெட் மவ ஓட்டப் பந்தல் போட்டிருக்கான்னு சொல்லுவாவ. அப்பா போட்ட பந்தல் நல்லாருக்குன்னு ஒரு ஆளாவது சொல்ல வேண்டாமா?"

தங்கபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாங்கித் தராமல் விட்டவை நிறைய இருந்தன. இவள் எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

அவள் பையிலிருந்து கறுப்பு நூலை எடுத்தாள். மேற்கு வாய் இரண்டையும் தைத்தாள். கிழக்கே வெளிச்சம் அவ்வளவு இல்லை, அதை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். மஞ்சு பார்த்துக்கொண்டே நின்றாள். அதையும் தைத்தாள். நெருக்கமான தையல். நூலைக் கடித்து அறுத்தபோது ரப்பர் வாடை நாக்கில் ஒட்டியது.

உமா மகேஸ்வரி டீச்சர் உள்ளே வந்து, காத்து ஓட்டையெல்லாம் மூடியாச்சே, மஞ்சு அப்பா பாத்துட்டாங்களா என்று கேட்டார். நல்ல டீச்சர். இல்லை என்று சொன்னால் பிரிக்கச் சொல்லியிருப்பார்.

"பாத்துட்டாவ டீச்சர்" என்றாள் தங்கபுஷ்பம்.

வீட்டில் முத்துராஜ் உளுந்தஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே, வாய் நல்லாத் தொங்குதா என்று கேட்டார். தொங்குது என்றாள். எள்ளுத் துவையலை இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வெளியே காது கொடுத்தார். தென்னை ஓலைச் சத்தம் இல்லை.

"காத்து உக்காந்திருக்கு" என்றார்.

"உக்காரட்டும்."

"எந்திரிக்கத்தாம்ளா உக்காரும்."

மறுநாள் காலையிலும் சாரல் இருந்தது. தங்கபுஷ்பம் மஞ்சுவுடன் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். முத்துராஜ் ஹபீபுல்லாவுடன் பிறகு வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் நடுவர்கள் வந்துபோய்விட வேண்டும், அவர் பார்ப்பதற்குள் வாயைப் பிரித்துவிட வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஜாக்கெட்டில் ஒரு பிளேடைச் செருகி வைத்திருந்தாள்.

கூடாரத்துக்குள் ஆள் விடுகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள். இருட்டுப் பாதை முடிகிற இடத்தில், கிழக்குப் பக்கம், துணிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் குனிந்து வந்தார்கள். உள்ளே வந்து நிமிர்ந்ததும் பேச்சு நின்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான். வம்பளந்துகொண்டே வந்த பொம்பளைகள் பேச்சை நிறுத்தினார்கள். காலையிலேயே தண்ணி போட்டுக்கொண்டு வந்த ஒரு வேன் டிரைவர் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

குத்தியது அவள்தான். ஒவ்வொன்றும் அவள் கை. ஆனாலும் அவளுக்கும் பழகவில்லை. மேகத்துக்குப் பின்னாலிருந்து வருகிற சாம்பல் வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் நிஜ நட்சத்திரங்களைப் போல மங்கலாக, வெகு தூரத்தில் இருந்தன. தலைக்குச் சற்று மேலே, கிழக்கு வாயை ஒட்டி, அவள் இடம் தெரியாமல் குத்தியதும் இருந்தது. இந்த நேரம் இவரும் வந்து பார்த்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று நினைத்தாள்.

நடுவர்கள் இரண்டு பேர், ஓர் அம்மாளும் ஓர் ஐயாவும். அவர்கள் வந்தபோது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வரிசையும் வந்து சேர்ந்தது. பிள்ளைகளோடேயே பார்க்கிறோம் என்று அந்த அம்மாள் சொன்னார். எல்லோரும் உள்ளே போனார்கள். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சாம்பலைச் சுற்றி நின்றார்கள். மஞ்சு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ரிஃபாத் பேச ஆரம்பித்தாள். நாம் பூமியை விட்டு வந்து வெகு நேரம் ஆகிவிட்டது, திரும்பிப் பார்க்காதீர்கள், வீடு தெரியாது என்றாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது தங்கபுஷ்பத்துக்கு அருவிச் சத்தம் கேட்டது.

காலையிலிருந்து கேட்காத சத்தம். படுதாவின் மேல் சாரல் விழுகிற சத்தம்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

நட்சத்திரங்கள் மெதுவாகப் பிரகாசமாயின. முதலில் பெரியவை, பிறகு எல்லாம். இதுவரை கண்ணுக்குத் தெரியாத சின்ன ஊசிப் புள்ளிகள்கூட ஒவ்வொன்றாக வந்தன. கறுப்புக்குள் கறுப்பே இல்லை என்பதுபோல ஆகாயம் நிறைந்தது. பிள்ளைகள் அம்மாடி என்றார்கள். நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தார். மஞ்சு அம்மாவின் பக்கம் திரும்பினாள். இருட்டில் அவள் பல் தெரிந்தது.

வெளியே மேகம் கலைகிறது. மலை உச்சி தெளிகிறது. சாரல் நின்று உச்சி தெளிந்தால் அடுத்தது காற்றுதான் என்று முத்துராஜ் வீட்டில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. மஞ்சுவுக்கும் தெரியும். ஆனால் அவள் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். மேற்கு ஓரத்தில், படுதா மண்ணைத் தொடுகிற இடத்தில், சாம்பல் நகர்ந்தது. எலி ஓடுகிற மாதிரி ஒரு கோடு. அப்புறம் இன்னொரு கோடு. படுதாவின் விளிம்புக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம் வந்தது, மறைந்தது. மறுபடி வந்து நின்றது. மேலே துணி மூச்சு இழுப்பதுபோல இறுகியது. நட்சத்திரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

பிள்ளைகளை வெளியே அனுப்பலாம். ஆனால் குனிந்து ஒவ்வொருவராகப் போகிற பாதை அது. அவளே தைத்த பாதை.

அவள் மேற்குப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். உடனே நின்றாள். போற வாய் முந்தி. திரும்பினாள். இருட்டில் கிழக்கு வாய் எங்கே என்று தெரியவில்லை. தன் நட்சத்திரத்தைப் பார்த்தாள். அதற்கு ஒரு சாண் கீழே கையை வைத்துத் தடவினாள். தையல் விரலில் தட்டியது. பிளேடை இழுத்தாள்.

வெளிச்சம் பாய்ந்தது. ரிஃபாத் பேச்சை நிறுத்தினாள். தங்கபுஷ்பம் பக்கத்து வாயையும் கிழித்துவிட்டுப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு சாம்பலின் மேல் நடந்தாள். நிலா மண்ணில் அவள் கால் பதிந்தது. மேற்கு வாய் இரண்டையும் கிழித்தாள். தூக்கி அடித்த துணி அவள் கன்னத்தில் அறைந்தது. காற்று உள்ளே நுழைந்து, சாம்பலை அள்ளிக்கொண்டு, தலைகளுக்கு மேலே கிழக்கே போனது. கூடாரத்தின் வயிறு இறங்கியது.

பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதார்கள். நடுவர் அம்மாளின் சேலை முழுக்கச் சாம்பல். வண்டி சாய்ந்து கிடந்தது. வெளிச்சத்தில் அது சாக்லேட் தாளும் அட்டையுமாக இருந்தது.

"எம்மா" என்றாள் மஞ்சு.

நடுவர்கள் கோபப்படவில்லை. உமா மகேஸ்வரி டீச்சர் மன்னிப்புக் கேட்டார். அவர் தங்கபுஷ்பத்தைப் பார்த்த பார்வையில் நேற்றைய கேள்வி இருந்தது. இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறீர்கள், வெளிச்சம் வராமல் சரிசெய்து வையுங்கள், கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை வந்து பார்க்கிறோம் என்று நடுவர் அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். காற்று இல்லை. அந்த ஒரே தள்ளுதான். மைதானத்தில் சிலர் பறந்த தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் ஒன்றும் நடக்காத மாதிரி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். மலை உச்சி கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

கூடாரத்தின் மேற்குப் பக்கம் முத்துராஜ் கம்பை ஊன்றி நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தொங்கிய வாயின் விளிம்பைக் கையில் பிடித்திருந்தார். அறுந்த கறுப்பு நூல் நெருக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"நீ தச்சியா?"

"ம்."

"நீதான் பிரிச்சியா?"

"ம்."

"எது முந்தி?"

"கிழக்கு."

அவர் தலையை ஆட்டினார். கம்பால் கீழே காட்டினார். மண் மூட்டை உருண்டு கிடந்தது. அதன் அடியிலிருந்த முளை ஒரு சாண் மேலே வந்திருந்தது. மண்ணிலிருந்து வந்த பாகம் ஈரமாகப் பளபளத்தது. ஹபீபுல்லா அதைப் பார்த்தார். போய் மூட்டையைத் தூக்கினார்.

மஞ்சு வந்தாள். ஒரு கையில் நூல், ஒரு கையில் ஊசி. தலைமுடியில் சாம்பல்.

"தச்சுக் குடு" என்றாள் அம்மாவிடம்.

"மஞ்சு, இங்கன வா. முளையப் பாரு" என்றார் முத்துராஜ்.

அவள் குனிந்து பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"நேத்தே அப்படித்தாம்பா இருந்துச்சு. கீழ பாறை, எறங்கலன்னு நீங்கதான சொன்னிய."

"இது இப்ப வந்தது."

"காத்து எங்கப்பா இருக்கு? பாருங்க. ஒரு கொடி அசையுதா?" அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு அன்னையிலருந்து பயம். அம்மைக்கும் ஒட்டிக்கிட்டு. நடுவருங்க கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாவப்பா. எல்லா நட்சத்திரமும் வந்துச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் நின்னிருந்தா போதும்."

நூலும் ஊசியுமாக அவளே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கிழக்கு வாய் உள்ளேயிருந்து இழுபட்டு மூடியது. துணியில் ஊசி நுனி ஏறி இறங்குவது வெளியே தெரிந்தது. நெருக்கமான தையல். தங்கபுஷ்பம் சொல்லிக்கொடுத்த தையல்.

ராக்கெட்டின் முன்னால் அடுத்த வரிசை நின்றது. இன்னொரு தொடக்கப்பள்ளி. செருப்புகள் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. ஒரு பெண்பிள்ளை பொறுமையில்லாமல் ராக்கெட்டுக்குள் தலையை விட்டு விட்டு எடுத்தாள்.

முத்துராஜ் முளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார முயன்றார். கம்பி வைத்த கால் மடங்கவில்லை. கையை ஊன்றிச் சரிந்து உட்கார்ந்து, மேற்குக் கயிற்றை எடுத்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றுக்கு வளைத்தார்.

தங்கபுஷ்பம் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். சுற்றை அவிழ்த்தாள்.

"இறக்கிருவோம்" என்றாள்.

அவர் படுதாவைப் பார்த்தார். ஊசி நுனி இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ள உள்ள இருக்கால்லா" என்றார்.

"இருக்கட்டும். துணிதான."

அவள் ரிஃபாத்தைக் கூப்பிட்டு வரிசையை ராக்கெட்டிலிருந்து தள்ளிக் கூட்டிப்போகச் சொன்னாள். ரிஃபாத் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏனென்று கேட்காமல் போனாள். தங்கபுஷ்பம் நெடுங்கம்பின் அடிக்குப் போனாள். கப்பிக் கயிற்றின் முடிச்சு ஒரு நுனியை இழுத்தால் உருவிக்கொள்கிற முடிச்சு. இழுத்தாள். கயிறு உள்ளங்கையைச் சுட்டது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

கறுப்புக் கூடாரம் உச்சியிலிருந்து இறங்கியது. மடிப்பு மடிப்பாக இறங்கியது. ஊசி நின்றது. படுதாவுக்கு உள்ளே நின்றவளின் தலை தெரிந்தது, பிறகு தோள். அவள் குனியவில்லை. துணி அவள் மேல் படிந்து சுற்றிலும் தரையில் விழுந்தது. அந்த உருவம் அப்படியே நின்றது. இவ்வளவு பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அவள் மேல் வெயில் விழும் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள்.

மைதானத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ராக்கெட் என்ற சொல் எங்கோ கேட்டது.

வெகு நேரம் கழித்து மஞ்சு ராக்கெட்டின் அடி வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தாள். முழங்கை வரை சாம்பல். ஊசியில் நூல் தொங்கியது. அவள் அழவில்லை.

"துணி பறக்காம எல்லாரும் மேல உக்காருங்க" என்றார் முத்துராஜ். வேலை இடத்தில் ஆட்களிடம் சொல்கிற குரலில் சொன்னார்.

அவர் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்தாள். மஞ்சு நின்றாள். பிறகு அவளும் வந்து, இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. ரப்பர் துணி சுட்டது. ஹபீபுல்லா மூன்று பேருக்கும் டீ வாங்கிவந்து வைத்தார். தென்னை ஓலைகள் வரைந்துவைத்தது மாதிரி நின்றன. தூரத்தில் நடுவர்கள் இருவரும் வேறொரு பள்ளியின் கூடாரத்துக்குள் போனார்கள்.

"எங்க காத்து?" என்றாள் மஞ்சு. திரும்பாமல் கேட்டாள்.

முத்துராஜ் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் ஓலைகளைப் பார்த்தாள். வரட்டும் என்று அவள் மனது கேட்டது. ஒரே ஒரு தரம், இவள் பார்க்க, வந்துவிட்டுப் போகட்டும். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. அவள் மைதானத்தைப் பார்த்தாள். அவர்கள் திருப்பி அனுப்பிய பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு எதிர்வரிசைக் கூடாரம் ஒன்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். மேற்கே பார்த்து வரிசையாக நின்ற அத்தனை படுதாவையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஒன்றிலும் வாய் இல்லை.